காதால் பார்த்த சேனாதிபதி

என் வயசுப் பொம்பளைகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இப்போதுள்ள பிள்ளைகள் கைக்குள்ளேயே படத்தை வைத்துக்கொண்டு திரிகிறார்கள், அவர்களுக்கு இது விளங்காது. உங்களில் யாராவது காதால் படம் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஒரே படத்தைப் பல நாள் கொல்லையில் உட்கார்ந்து காதால் பார்த்தேன். பார்த்ததோடு விடாமல் அதில் வந்த கெட்டவனைக் கலர் பென்சிலால் வரையவும் செய்தேன். ஊரே நின்று பார்த்தது.

இதை நான் பெருமையாக யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் வராது, கழுத்து வேர்க்கும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் இல்லையா, அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து அப்படி இப்படித்தான் இருக்கும்.

எங்கள் ஊர் கடலோரம், வாலிநோக்கம் உப்பு லாரிகள் போகிற ரோட்டில் இருக்கிறது. வாப்பா கொழும்பில் ஜவுளிக் கடையில் இருந்தார். வருஷத்துக்கு ஒருதரம் வருவார். கல்யாணமானாலும் எங்கள் ஊரில் பெண் வீடு மாறமாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் உம்மாவும் உம்மாவின் தங்கையான என் சாச்சியும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். வாப்பா இல்லாத வீட்டுக்கு நல்லது கெட்டது எல்லாம் பெரிய மாமா. உம்மாவுக்கு மூத்த அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா. கடைத்தெருவில் கருவாட்டு மண்டி வைத்திருந்தார். குடியிருந்தது பக்கத்துத் தெருவில், மாமி வீட்டில்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முடுக்கு உண்டு. பெண்கள் நடக்கிற சந்து அது. ஆண்பிள்ளை யாராவது அவசரத்துக்கு அதில் வந்தால் முனையிலேயே தொண்டையைக் கனைக்க வேண்டும். கனைப்புக் கேட்டதும் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். பெரிய மாமாவின் கனைப்பு தனி. வயிற்றிலிருந்து எடுத்துத் தொண்டையில் ஒரு உருட்டு உருட்டி விடுவார். அதைக் கேட்டால் எனக்குக் கையில் இருக்கிற சாமான் நழுவும். உம்மாவும் சாச்சியும் அவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டேதான் பதில் சொல்வார்கள். அவர் செருப்பைத் தெரியும், கைலிக் கரையைத் தெரியும். அதற்கு மேலே பார்க்கிற பழக்கம் இல்லை.

அந்த வருஷம் வாப்பா வந்தபோது எனக்குக் கலர் பென்சில் பெட்டி கொண்டுவந்தார். தகரப் பெட்டி. மூடியில் பனி மலையும் அதன் அடியில் ஒரு சின்ன வீடும் இருக்கும். திறந்தால் மர வாசனையும் மெழுகு வாசனையும் சேர்ந்து வரும். எந்தப் பென்சிலையும் சீவ மனசு வராமல் சில நாள் மோந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பூப் போட்டுப் பழகு. பூத்தையலுக்கு ஆகும்" என்றார் வாப்பா.

நானும் பூப் போட்டேன். ரோசாப்பூ, தாமரைப்பூ, பேர் தெரியாத பூ. வாப்பா கப்பல் ஏறின பிறகு பூ சலித்துப்போனது. அப்போதுதான் கொட்டகை வந்தது.

சாயல்குடியிலிருந்து வந்த டூரிங் கொட்டகை. எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் உடைமரங்களும் மணலுமாக ஒரு பொட்டல். அதில் கீற்று வேய்ந்து தடுப்புக் கட்டினார்கள். பெரிய மாமாவும் ஜமாத்துப் பெரியவர்களும் போய்ப் பேசினார்கள். பொம்பளைகள் குடியிருக்கிற தெருவுக்குப் பக்கத்தில் கொட்டகையா என்று சத்தம். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. அந்தி நேரத்து மக்ரிபு தொழுகை முடிகிற வரை பாட்டுப் போடக்கூடாது. கொட்டகை வாசல் எங்கள் தெருவைப் பார்க்கக்கூடாது. வாசலைத் திருப்பி அந்தக் கடைசியில் வைக்கவேண்டும்.

கொட்டகைக்காரர் ஒன்றும் மறுக்கவில்லை, திருப்பி வைத்துக்கொண்டார். வாசல் அந்தக் கடைசிக்குப் போனால் திரை எங்கே வரும்? எங்கள் கொல்லைச் சுவர் ஓரமாக வரும். திரைக்குப் பின்னால்தானே சத்தப்பெட்டி இருக்கும்? அது எங்கள் முருங்கை மரத்துக்கு அடுத்தாற்போல வந்து உட்கார்ந்தது. மாமா இதை யோசிக்கவே இல்லை. போதாததற்குச் சோளகக் காற்று வேறு. தெற்கேயிருந்து சத்தத்தை அள்ளிக் கொண்டுவந்து எங்கள் அடுப்படிக்குள் கொட்டும்.

முதல் நாள் உம்மா காதைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் ஒரு காதை மட்டும். அதற்கப்புறம் மக்ரிபு தொழுது முடித்ததும், "வாடி, எண்ணெய் வைக்கிறேன்" என்று என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போவாள். என் தலைக்கு அந்த வருஷம் வைத்த எண்ணெய் மாதிரி ஆயுசில் எப்போதும் வைத்ததில்லை. சாச்சி அரிக்கேன் விளக்கும் சுளகும் எடுத்து வருவாள், அரிசியில் கல் பொறுக்க. கல்லே இல்லாத அரிசி அது.

"ராசாவை ஜெயில்ல போட்டுட்டான் சேனாதிபதி" என்பாள் சாச்சி மெதுவாக.

"நமக்கெதுக்கு அந்தக் கதை? நீ கல்லைப் பாரு" என்பாள் உம்மா. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்பாள். "அந்தப் புள்ளத்தாச்சி ராணி காட்டுக்குள்ள போயிட்டாளா, இல்லையா?"

படம் ராசா கதை. ராசா, ராணி, ஒரு மந்திரவாதிக் கிழவி, ஒரு ஜெயில் காவல்காரன், எல்லாருக்கும் மேலே சேனாதிபதி. நல்லவர்கள் பேசினால் ஒருத்தர் மாதிரியே இன்னொருத்தரும் இருக்கும். கெட்டவர்களுக்குத்தான் ஆளுக்கு ஒரு குரல். கிழவி பேசினால் முறத்தில் உளுந்தைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. காவல்காரனுக்கு மூக்கில் குரல். சேனாதிபதி வாயைத் திறக்கும் முன்னால் ஒரு கனைப்புக் கனைப்பான் பாருங்கள், நான் உம்மாவின் முழங்காலோடு ஒட்டிக்கொள்வேன்.

ஆக, நான் கெட்டவர்களை வரைய ஆரம்பித்தேன். காவல்காரனை ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கம் வரைந்தேன். கிழவியை இன்னொன்றில். உம்மா பார்த்துவிட்டுப் பதறினாள். "உருவம் வரையக்கூடாது புள்ள. நாளைக்கு மறுமையில அதுக்கு உசுரு குடுன்னு கேட்டா நீ எங்க போவே? படம் இருக்குற வீட்டுக்குள்ள அல்லா அனுப்புற மலக்கு வரமாட்டாக. முழு மூஞ்சி போடாதே, சொல்லிட்டேன்."

முழு மூஞ்சிதானே போடக்கூடாது? நான் அரை மூஞ்சி போட்டேன். மீதி அரையை இருட்டுக்குள் விட்டேன்.

"இவளை வக்கீலுக்குப் படிக்க வைக்கணும் லாத்தா" என்றாள் சாச்சி. உம்மா தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் பென்சிலைப் பிடுங்கவில்லை. அரை மூஞ்சிக்கு என்ன சட்டம் என்று அவளுக்கும் தெரியவில்லை. அப்படித்தான் என் படங்களுக்கெல்லாம் இருட்டு வந்தது. ஒரு பக்கக் கன்னம், அரை மூக்கு, ஒரு கண். மற்றதெல்லாம் இருட்டு. முழு மூஞ்சியைக் காட்டிலும் அது பயமாக இருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். ராத்திரி அந்தத் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

சேனாதிபதி எப்படி இருப்பான் என்று உம்மாவுக்கும் சாச்சிக்கும் தினமும் வழக்கு. சாச்சி அவனைத் தடியன் என்றாள். உம்மா ஒல்லி என்றாள், ஒல்லியானவர்கள்தான் அப்படி அடித்தொண்டையில் சிரிப்பார்களாம். எங்களுக்கு மீன் கொண்டுவருகிற மீன்காரம்மா கொட்டகையில் படம் பார்த்தவள். அவளிடம் கேட்டார்கள்.

"மூஞ்சி எங்கக்கா தெரியுது? ரீலு தேஞ்சுபோயி படம் பூரா மழை பேயுது. அவன் வந்தா இருட்டு, போனா வெளிச்சம். அம்புட்டுத்தான்."

"அப்ப நீயே போட்டுக் காட்டு" என்றாள் சாச்சி என்னிடம். உம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கொழும்பிலிருந்து துணிப் பொட்டலம் சுற்றி வந்த பழுப்புத் தாள் ஒன்று பெட்டி மேல் மடிந்து கிடந்தது. விரித்தால் என்னைவிட அகலம். அதை அறையில் விரித்து நாலு மூலைக்கும் சங்கு வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதன் மேல்தான் படுத்துக் கிடப்பேன். சேனாதிபதி கனைக்கிற நேரம் வரும் வரை காத்திருந்து, கனைத்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். உள்ளே ஒரு முகம் வரும். தாடை, தாடியின் அடிப்பக்கம், விரிந்த மூக்குத் துவாரம், மேலேயிருந்து கீழே பார்க்கிற ஒரு கண். அது எங்கேயிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. வந்ததைப் போட்டேன்.

தாடி போட்டு முடிப்பதற்குள் கறுப்புப் பென்சில் தீர்ந்துவிட்டது. விரலுக்குள் அடங்கி, நகத்தால் பிடிக்கிற அளவாகி, கடைசியில் மரம்தான் மிஞ்சியது. இருட்டு முழுக்கப் பாக்கி இருக்கிறது. அழுகையாக வந்தது. இன்னொரு பெட்டிக்கு வாப்பா அடுத்த வருஷம் வரவேண்டும்.

அழுதுகொண்டே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். உச்சி வெயில். கிணற்றுக்குள் இருட்டு. நல்லாப் பார்த்தால் அது கறுப்பே இல்லை. ஓரத்தில் பச்சை, அதற்குக் கீழே காப்பிக் கலர், அடியில் நீலம். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய் இருட்டாகி இருந்தது. ஓடிவந்து நீலத்தை அழுத்திப் போட்டேன். அதன் மேல் காப்பிக் கலர். அதன் மேல் பச்சை, மறுபடி நீலம், கொஞ்சம் சிவப்பு. சோழியின் முதுகால் தேய்த்துவிட்டேன். மெழுகு இழைந்து பளபளத்தது. கறுப்புப் போட்ட இடம் வெறும் கறுப்பாக நின்றது. கலர் போட்ட இருட்டோ உள்ளே ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. இதை மட்டும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

சேனாதிபதியை நான் போட்டு முடித்த மறுநாள் காலையில் மீன்காரம்மா சூடை மீன் கொண்டுவந்தாள். சட்டி எடுக்க உம்மா உள்ளே போனபோது, திறந்திருந்த அறைக்குள் எட்டிப் பார்த்தவள் கூடையைப் பொத்தென்று வைத்தாள்.

"ஆத்தீ! யாரு இந்தச் சண்டாளன்?"

"சேனாதிபதி" என்றேன்.

"நீயா போட்டே தாயி?"

தலையை ஆட்டினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர்தான் கொட்டகைக்கு மேளம் அடித்து வண்டியில் நோட்டீஸ் விடுகிறவர். பெரிய போஸ்டர்கள் எல்லாம் உப்பு லாரியில் ஏற்றி வந்ததாம். மூட்டையிலிருந்து உப்புத்தண்ணி இறங்கிக் கட்டோடு ஒட்டிப்போய், பிரித்த இடத்தில் எல்லாம் கிழிகிறதாம். கொட்டகை வாசலில் பலகை மொட்டையாக நிற்கிறது, கூட்டமும் குறைந்துபோனது, கொட்டகைக்காரர் தன் வீட்டுக்காரரை ஏசுகிறார் என்று ஒரு மூச்சு அழுதாள். பிறகு கேட்டாள். "ரெண்டு நாளைக்கு இதைக் குடுங்கக்கா. பத்திரமாக் கொண்டாந்து தாரேன்."

உம்மா யோசிக்கவே இல்லை. "கொண்டுபோ. இது வீட்டை விட்டுப் போனாப் போதும். ஆனா எம்மக பேரு வெளிய வரக்கூடாது."

"எங்க அப்பன் மேல சத்தியம்" என்று படத்தைச் சுருட்டி எடுத்துப் போனாள்.

உம்மா அதைப் பார்த்தாள். சாச்சி பார்த்தாள். மீன்காரம்மா பார்த்தாள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அந்த வண்டி கடைத்தெருவுக்குள் நுழைந்த அன்றைக்கு ஆம்பளைகளுக்குத் தோன்றிவிட்டது. முன்னால் மேளம், பின்னால் வண்டி, வண்டியில் பலகை, பலகையில் பெரிய மாமா.

ஆமாம். பெரிய மாமா. கனைப்புக் கேட்டால் என் மனசுக்குள் வேறு எந்த முகம் வரும்? நான் குட்டையாக நின்று அண்ணாந்து பார்த்த முகம். தாடையும் தாடியும் மூக்கும் மேலேயிருந்து பார்க்கிற கண்ணும். உம்மாவும் சாச்சியும் குனிந்த தலை நிமிராதவர்கள், அவர்களுக்கு எங்கே தெரியும்? மீன்காரம்மாவிடம் மாமா மீன் வாங்கினதில்லை. கடைத்தெருவில் இருந்தவர்களோ தினமும் அந்த முகத்தோடு பேரம் பேசுகிறவர்கள்.

மீன்காரம்மா மறுநாள் வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். "சிக்கல் ஊர்லேர்ந்து வண்டி கட்டி வாராக அக்கா, அந்த மூஞ்சியைப் பாக்க. கொட்டகை நிறைஞ்சு வழியுது. புள்ளைக பலகைக்குக் கிட்டப் போகாம சுத்திப் போகுதுக. ஆனா சனம் வேற ஒண்ணும் பேசுது. கொட்டகையை இங்கன போடக்கூடாதுன்னு தடுத்தாகல்ல உங்க காக்கா, அந்தக் கோவத்துல கொட்டகைக்காரரு மதுரையிலேர்ந்து ஆர்டிஸ்டை வரவழைச்சு, ஒளிஞ்சு நின்னு பாத்து அவுகளையே வரைஞ்சிட்டாராம்."

உம்மா சிரித்தாள். "எங்க காக்காவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? சனத்துக்கு வேற வேலையில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதுரை ஆர்டிஸ்டு என்கிற சொல் நெஞ்சில் மீன் முள் மாதிரி நின்றது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு மாமா எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அன்றைக்கு முடுக்கு முனையில் கனைப்பு வந்தபோதே தெரிந்தது, கோபம். பாயில் உட்கார்ந்தார். உம்மா தலை குனிந்து ஆணம் ஊற்றினாள். சாச்சியும் நானும் கதவுக்குப் பின்னால்.

"நம்ம குடும்பத்து மூஞ்சியைக் கொட்டகை வாசல்ல நிப்பாட்டிட்டான்" என்றார் மாமா. "மேளக்காரனைப் புடிச்சு மண்டியில உக்கார வச்சிருக்கானுக நம்ம பயலுக. பலகையும் அங்கனதான் கிடக்கு. எந்த ஆர்டிஸ்டுன்னு சொல்ற வரைக்கும் விடப்போறதில்ல. நாளைக்கு ஜமாத்துல பேசி கொட்டகையைக் கிளப்பிருவோம். அவன் பொண்டாட்டியும் இனிமே நம்ம தெருவுக்குள்ள மீன் கூடை தூக்கிட்டு வரக்கூடாது."

உம்மா அன்றைக்குத்தான் தலையை நிமிர்த்தினாள். தன் காக்காவின் முகத்தைப் பார்த்தாள். தாடையைப் பார்த்தாள், தாடியைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டி சரிந்து ஆணம் பாயில் சிந்தியது.

"யா அல்லா" என்றாள்.

"ஆமா, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார் மாமா.

பாய் துடைக்கிற சாக்கில் உம்மா கதவுக்குப் பின்னால் வந்து என் கையைக் கிள்ளினாள். "வாயைத் திறந்தே, பென்சிலைக் கிணத்துல போட்டுருவேன். மதுரைக்காரன் வரைஞ்சதாவே இருக்கட்டும்" என்று காதுக்குள் சொன்னாள்.

மீன்காரம்மாவின் வீட்டுக்காரர் மண்டியில் உட்கார்ந்திருக்கிறார். அவளோ என் பேரைச் சொல்லமாட்டாள், சத்தியம் செய்திருக்கிறாள். அவர்களுக்காகத்தான் நான் பேசினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி, அந்த மதுரைக்காரன். நீலமும் பச்சையும் காப்பிக் கலருமாகத் தேய்த்துத் தேய்த்து நான் கொண்டுவந்த இருட்டை, இல்லாத ஒருத்தன் எடுத்துக்கொண்டு போகிறான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் மாமா வரைஞ்சேன்."

கதவுக்குப் பின்னால் இருந்துதான் சொன்னேன். இருந்தாலும் கேட்டுவிட்டது. மாமா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"யாரு அது?"

"மருமகதான் காக்கா, சின்னப்புள்ள, ஏதோ உளறுறா" என்றாள் உம்மா.

"யாரு புள்ள உனக்குச் சொல்லிக்குடுத்தது? மீன்காரியா? புருஷனைக் காப்பாத்த உன்னைப் பொய் சொல்லச் சொன்னாளா?"

"பொய் இல்ல மாமா."

"கடைத்தெருவே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. பெரிய கைகாரன் போட்டது அது. நீ போட்டியாக்கும்?"

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் நான் அழுதுவிட்டு உள்ளே ஓடியிருப்பேன். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி செய்துவிட்டது. பெட்டியையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே வந்து, அவருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"கையைக் கழுவிட்டு வாங்க மாமா. சன்னலுக்குப் பக்கத்துல உக்காருங்க."

சாச்சி கதவுக்குப் பின்னால் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. மாமாவை யாரும் இங்கே உட்கார் அங்கே உட்கார் என்று சொன்னதில்லை. என்ன நினைத்தாரோ, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கம் திரும்புங்க. இந்தப் பக்கம் ஏற்கனவே போட்டாச்சு."

திரும்பினார்.

நான் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தேன். வரைவதென்றால் பார்த்துத்தானே ஆகவேண்டும். இந்தப் பக்கத்துக் கண் இமை கொஞ்சம் தொங்கியிருந்தது. காதோரம் ஒரு மச்சம். கருவாட்டு உப்பு பட்டுப் பட்டு வெடித்த கன்னம். அண்ணாந்து பார்த்தபோது தெரிந்த ஆள் இல்லை இது. தூக்கம் போதாத ஒரு ஆள். ஈ ஒன்று மூக்கில் வந்து உட்கார்ந்தது. விரட்டக் கையைத் தூக்கினார்.

"அசையாதீங்க மாமா."

கை இறங்கிவிட்டது. தொண்டை வேறு அவருக்கு அரித்திருக்கிறது, கழுத்து ஏறி இறங்கியது, ஆனால் கனைக்கவில்லை. உம்மா பின்னால் நின்று, "முழுசா ஆக்கிராதே, அரையோட நிறுத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அஸருக்குப் பாங்கு சொல்லுகிற வரைக்கும் வரைந்தேன். கடைசியில் சோழியை எடுத்துத் தேய்த்துவிட்டு, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

மாமா அதைக் கையில் எடுத்தார். தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். பெட்டிக்குள் பார்த்தார்.

"கறுப்புப் பென்சில் எங்க?"

"தீந்துபோச்சு மாமா."

"பின்ன இது?"

"நீலம், காப்பிக் கலரு, பச்சை. ஒண்ணு மேல ஒண்ணு."

தாளை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். விரலால் தொட்டு, விரலையும் பார்த்தார். பிறகு யாரைப் பார்த்தும் இல்லாமல் கேட்டார். "எம் மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்கு?"

"அதுக்கும் மேல காக்கா" என்றாள் உம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சாச்சி கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினாள்.

மாமா சிரிக்கவில்லை. தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கொட்டகையில் பாட்டுப் போடவில்லை. கொல்லையில் காற்றுச் சத்தம் மட்டும். உம்மா எனக்கு எண்ணெய் வைக்கவில்லை. என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் மீன்காரம்மா வரவில்லை. நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். உம்மா சொன்னபடி அதைக் கிணற்றில் போட்டால் எப்படி எடுப்பது என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

வெயில் ஏறினபிறகு தூரத்தில் மேளச் சத்தம். கொஞ்ச நேரத்தில் முடுக்கு வழியாக மீன்காரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அக்கா, கேட்டீகளா சேதியை! நேத்து உங்க காக்கா மண்டிக்கு வந்தாக. எல்லாரும் சுத்தி நிக்கிறாக. எங்க வீட்டுக்காரரு, இன்னிக்கு நமக்கு அடிதான்னு கண்ணை மூடிக்கிட்டாராம். அவுக கக்கத்துலேர்ந்து ஒரு தாளை எடுத்து, பலகைக்குப் பக்கத்துல விரிச்சுப் புடிச்சாகளாம். இந்தப் பக்கம் ஒரு அரை, அந்தப் பக்கம் ஒரு அரை. மதுரைக்காரனும் இல்ல, மானாமதுரைக்காரனும் இல்லடா, இதை வரைஞ்சது எம் மருமகதான்னு சொன்னாகளாம்."

"அப்படியா சொன்னாக?" என்றாள் உம்மா.

"எம் மருமக, பத்து வயசுப் புள்ள, கறுப்பே இல்லாம வரைஞ்சிருக்கா, உங்க வீட்டுல எவளாவது வரைவாளான்னு கேட்டாகளாம். கூட்டத்துல ஒரு பய, அப்ப பலகையில உள்ளதைக் கிழிச்சிரவா முதலாளின்னு கிட்டப் போயிருக்கான். ஏலே, கைய வச்சே, அறைஞ்சிருவேன், கிழிச்சா எம் மூஞ்சியத்தானடா கிழிக்கிறேன்னு ஒரு சத்தம் போட்டாகளாம் பாருங்க!"

"முதல்லேர்ந்து சொல்லு" என்றாள் உம்மா. "மண்டிக்கு வந்தாக. அப்புறம்?"

மீன்காரம்மா முதலிலிருந்து சொன்னாள். பிறகு சாச்சி வந்தாள், சாச்சிக்காக இன்னொரு முறை. வீட்டில் இருந்த சட்டி பத்தாமல் சாச்சி வீட்டுச் சட்டியும் எடுத்து வந்து உம்மா மீன் வாங்கினாள். எம் மருமக என்கிற இடம் வரும்போதெல்லாம் நான் முக்காட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். கழுத்து வேர்த்தது. ஆனாலும் அந்த இடத்தை அவள் வேகமாகச் சொல்லிவிடக் கூடாதே என்று இருந்தது.

மாமாவின் மூஞ்சியைக் கிழிக்கிற தைரியம் யாருக்கும் இல்லாமல், அந்தப் படம் கொட்டகை கலைகிற வரைக்கும் பலகையிலேயே இருந்தது. படம் மாறினாலும் பலகை மாறவில்லை. எந்தக் கதையில் கெட்டவன் வந்தாலும் அதே மூஞ்சிதான். மழைக்கு முன்னால் கொட்டகை கலைந்து அடுத்த ஊருக்குப் போனபோது அதுவும் வண்டியேறிப் போய்விட்டது. மீன்காரம்மா திருப்பித் தருவதாகச் சொன்னது நடக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஊர் ஊராக நான் போகமுடியாது, அந்தப் படமாவது போகட்டுமே.

அதற்காக மாமாவை நான் நல்லவராக ஆக்கிக் காட்டவில்லை. அடுத்த வருஷம், பெரிய பிள்ளையாகப் போகிறாள், படித்தது போதும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொன்னதும் அவர்தான். உம்மா எனக்காக ஒரு வார்த்தை பேசினாள், அவர் கேட்கவில்லை. ஆனால் கொழும்புக்குப் போகிற ஆளிடம் சொல்லி அனுப்பி, கறுப்புப் பென்சில் மட்டும் ஒரு கட்டு வரவழைத்துக் கொடுத்ததும் அவர்தான். அதை நான் அதிகம் தொட்டதில்லை. இருட்டுப் போட எனக்குக் கறுப்பு தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் வெள்ளிக்கிழமை மாமா சாப்பிட வந்தால் பாய் போட்ட இடத்தில் உட்காரமாட்டார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துபோய் சன்னலுக்குப் பக்கத்தில் உட்காருவார். தொப்பியைச் சரி செய்துகொள்வார். முகத்தைக் கொஞ்சம் திருப்பி, எங்கேயோ பார்க்கிற மாதிரி முருங்கை மரத்தைப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் உம்மாதான் பொறுக்கமுடியாமல் வந்து என் தோளில் இடிப்பாள்.

"பென்சிலை எடு புள்ள. மாமா எம்புட்டு நேரந்தான் அப்படியே உக்காந்திருப்பாக?"